அம்மன் கீறிய கோடு

இன்று பின்னேரம் கல்முனைக் கடற்கரையில் என் மகள் குதிக்காலால் ஈரமணலில் நீளமாக ஒரு கோடு இழுத்தாள். "இதைத் தாண்டிக் கடல் வராது, என்னப்பா?"

சிறுவயதில் நாங்கள் இதே கரையோரம்தான் குடியிருந்தோம். அப்போது எனக்குப் பத்து வயது, தங்கைக்கு ஆறு. மாரிக்காலத்தில் கடல் இரைந்தால் அவள் அழுவாள். ஒவ்வொரு வைகாசியும் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு முடிந்ததும், வேப்பிலை மணக்கும் மஞ்சள் தண்ணீரை அம்மா கோயிலிலிருந்து செம்பில் கொண்டுவந்து, எங்கள் வளவின் கடற்பக்க வேலியோரம் ஒழுகவிட்டபடி நடப்பார்.

"அம்மன் கால்விரலால கோடு கீறி, இதுக்கு இங்கால வராதே எண்டு கடலுக்குச் சொன்னவ. அந்தக் கோடுதான் மகள் இது," என்று தங்கையிடம் சொல்வார்.

"மெய்யா அண்ணா?" என்று தங்கை என்னைக் கேட்டாள்.

"ஓம். கடல் அதுவரைக்கும் வந்து திரும்பிப் போனதை நான் கண்டிருக்கன்," என்றேன். அவள் அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்ன பொய்.

சுனாமி வந்த காலையில் அவளது கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு வேலிக்கு உட்புறம் நின்றுகொண்டாள்.

"கோட்டுக்கு இங்கால வராதண்ணா. நீதானே கண்ட."

நான் ஓடிவிட்டேன்.

மகள் இழுத்த கோட்டைக் காலால் அழித்தேன். "வரும் மகள். வராதெண்டு நானே சொன்னாலும் நில்லாத. ஓடு."