சொல்லுக் கேளாதவன்

என் செல்ல மக்களே, நேற்றுப் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு டீச்சர், ஒரு பிள்ளையைக் காட்டி, "இவன் சொல்லுக் கேக்கிறதே இல்ல" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். நான் எழும்பி, "அவன்ட காதப் பாத்தீங்களா?" என்று சத்தம் போட்டுவிட்டேன். உங்களுக்கு வெட்கமாகப் போயிற்று. வெட்கப்படாதீர்கள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பில் எனக்கு அடிக்கடி சளியும் தடிமனும் பிடிக்கும். தடிமனோடு இரண்டு காதும் குத்தும், பிறகு சீழ் வடியும். வாப்பாவின் தம்பி, என் சாச்சா, வெள்ளுள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றிப் பஞ்சால் அடைப்பார். வைத்தியம் அத்தோடு சரி. குத்து நின்றுவிடும். சத்தங்களும் மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தன. அது எனக்கே தெரியாது. எல்லாருக்கும் உலகம் இப்படித் தூரத்தில்தான் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

குர்ஆன் ஓதப் போகும் ஓதப்பள்ளியில், ஓதிக்கொடுக்கும் லெப்பை அரபு எழுத்துகளை ஸீன் என்பார், ஷீன் என்பார், ஸ்வாத் என்பார். எனக்கு மூன்றும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ஸீன் என்பேன். பிரம்பு வரும். பள்ளிக்கூடத்திலோ தண்டனையாகக் கடைசி வாங்குப் பலகையில் இருத்தினார்கள். அங்கே இன்னும் கேட்காது. காதில் சீழ் வடிகிற பிள்ளையைப் பிடித்து, கேட்கவில்லை என்று அடிக்கிறார்கள்!

ஒருநாள் இருமலுக்கு மருந்தெடுக்க உம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு உம்மாதான் எத்தனையோ தரம் சொன்னார். டொக்டர் சிங்களவர், தமிழை யோசித்து யோசித்துக் கதைப்பார். குனிந்து எழுதிக்கொண்டே என் பெயரைக் கேட்டாராம். நான் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேனாம்.

"இவன் இப்பிடித்தான் டொக்டர். சொன்னாக் கேக்கானில்ல."

டொக்டர் பேனையை வைத்தார். "கேக்க இல்லையா? எந்தக் காது?"

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காது இல்ல டொக்டர், கொழுப்பு!"

"கொழுப்பு காதுக்கு வாறது இல்ல அம்மா," என்று சொல்லிவிட்டு அவர் விளக்கை எடுத்தார்.

இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. இனி எண்ணெய் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது என்றார். தமிழ் முழுதாகத் தெரிந்த நாங்கள் தவறவிட்டதை, அரைகுறைத் தமிழில் அவர் சரியாக விளங்கிக்கொண்டார்.

உம்மா வீட்டுக்குப் போகவில்லை. என்னை நேரே ஓதப்பள்ளி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"லெப்பை, என்ட புள்ளைக்கு எதுக்கு அடிச்சீங்க?"

"சொன்னாக் கேக்கணுமே, தங்கச்சி."

"அவனுக்குக் கேக்கவே ஏலா! கேக்க ஏலாத புள்ளைக்கு அடிக்கச் சொல்லி ஆரு சொன்ன?"

இந்த வார்த்தைகளும் உம்மா பிறகு சொன்னவைதான். அன்று எனக்கு உம்மாவின் கோப முகமும், "கேக்க" என்ற ஒரு சொல்லும்தான் பிடிபட்டன. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். லெப்பைக்கு முன்னால் கையை நீட்டினேன்.

உம்மா அந்தக் கையைப் பார்த்தார். லெப்பை பிரம்பைப் பாய்க்குக் கீழே தள்ளினார். உம்மா வழி நெடுக அழுதுகொண்டு வந்தார். டொக்டர் எனக்குப் பெரிய ஊசி போடச் சொல்லியிருப்பார், அதற்குத்தான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதக்கணக்கில் மருந்தெடுத்துக் காது காய்ந்தது, ஓட்டைகளும் மெல்ல மூடின. ஒருநாள் ஓதப்பள்ளி கலைந்த பிறகு நான் மட்டும் போகவில்லை. வெறும் பாயில் தனியே உட்கார்ந்து, லெப்பை சொன்னபடியே மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

ஸீன். ஷீன். ஸ்வாத்.

மூன்றும் வேறு வேறாகக் கேட்டன.