பெரிய பல்சக்கரம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

என் சித்திக்கும் மாமாவுக்கும் வயது முப்பதை நெருங்கியிருந்தது. ஆனாலும் அசோக் நகர் வீட்டு மொட்டைமாடியில் ரிமோட் கார் விட்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி சண்டை போட்டுக்கொள்வார்கள். கோடை விடுமுறைக்கு அங்கே போன எனக்கு ஒன்பது வயது. நான் சித்தி கட்சி.

அந்த ஞாயிறு நடந்தது சாதாரணப் போட்டி இல்லை. மறுவாரம் பாலவாக்கத்தில் ஒரு பந்தயம்; வீட்டுக்கு ஒரு கார்தான் சேர்த்துக்கொள்வார்களாம். ஒருமுறை சார்ஜ் செய்த பேட்டரியில், மாடித் தண்ணீர்த் தொட்டியை யார் கார் அதிகமுறை சுற்றுகிறதோ அதுதான் பாலவாக்கம் போகும். சித்தி ஒரு மாதமாகச் சோறு தண்ணீர் மறந்து அதற்கு உழைத்திருந்தாள். ஓட்டுவதை மட்டும் என்னிடம் விட்டிருந்தாள்.

மாமாவின் மோட்டாரில் கம்பிச் சுற்று குறைவு. வெறி பிடித்த மாதிரி சுழலும், பேட்டரியையும் அதே வெறியோடு குடிக்கும். சித்தி சுற்று அதிகமான மோட்டாராக வாங்கி, அதன் முனையில் சின்னப் பல்சக்கரம் மாட்டியிருந்தாள். நிதானமாகப் போகும், சூடேறாது, நெடுநேரம் ஓடும். கணக்கெல்லாம் சரிதான், எனக்குத்தான் மானம் போயிற்று.

"இன்னாம்மா, உன் வண்டி ரேஸ் ஓடுதா, பிரதட்சணம் பண்ணுதா?" என்றார் மாமா.

அழாத குறையாக நச்சரித்து, சித்தியைப் பெரிய பல்சக்கரம் போடவைத்தேன். பத்துச் சுற்று ஓட்டிப் பார்த்தோம். கார் பறந்தது. சித்தி காரைக் கவிழ்த்துப் பிடித்தாள்.

"மோட்டார் மேல விரல் வை. பத்து எண்ணுற வரைக்கும் தாங்குச்சுன்னா இதுவே இருக்கட்டும். இல்லன்னா பழசுதான், சொல்லிட்டேன்."

வைத்தேன். மூன்றிலேயே தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. ஆறுக்கு மேல் எண்களைத் தலைதெறிக்க ஓடவிட்டேன்.

"பத்து! சூடே இல்ல சித்தி."

கண்ணில் நீர் முட்டியது. பழியை வெயில்மேல் போட்டேன். சித்தியும் ஒரு நொடி தொட்டுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சரிடி, ஓட்டு" என்றாள்.

அடடா, அந்த ஓட்டம்! மாமாவின் காரை இரண்டு முறை முந்தினேன். கொடியில் காய்ந்த போர்வைக்கு அடியில் புகுந்து மறுபக்கம் வந்தேன். சித்தி விசிலடித்தாள். இன்று நிஜக் காரே ஓட்டுகிறேன், ஆனால் அன்றைக்கு இருந்த சந்தோஷம் ஒருநாளும் வந்ததில்லை.

அப்புறம் கருகல் வாசனை வந்தது. எங்கள் கார் திணறி நின்றது. மாமாவுடையது இன்னும் மூன்று சுற்று போய்விட்டுத்தான் ஓய்ந்தது. வென்ற காரை வாரித் தூக்கப் பாய்ந்தவர், மோட்டாரிலேயே கையை வைத்து, "ஐயய்யோ!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். தோற்றுப்போன சித்தி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, மாமா கொப்புளம் கண்ட விரலை எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். சித்தி சமையலறையிலிருந்து இரண்டு ஸ்பூன் கொண்டுவந்தாள். ஒன்றை அவர் தட்டில் வைத்தாள். இன்னொன்றை என் தட்டில் வைத்தாள்.

நான் வலது கையை மடியில் ஒளித்துக்கொண்டு, இடது கையால் அந்த ஸ்பூனில் சாம்பார் சாதத்தை அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். நல்லவேளை, சித்திக்கு எதுவுமே தெரியவில்லை என்று எனக்கு அப்படியொரு நிம்மதி.