ஸ்டெல்லா டீச்சரின் பீர் டின்கள்

திருவிடைமருதூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஸ்டெல்லா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சாலையைக் கடந்தேன், திரும்பவும் கடந்தேன். அவரிடம் வேதியியல் படித்தவர்களுக்கும், என்னைப் போல ஆசிரியர் அறையில் அவரோடு டீ குடித்தவர்களுக்கும் இது புரியும். ஓரிடத்தில் உட்காரவிடுகிற ஆள் இல்லை அவர்.

ஒரு மே மாதம், அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். மேட்டூர் திறப்பதற்கு முன்பு வாய்க்கால்களைத் தூர்வாரிக்கொண்டிருந்த நேரம். ஜேசிபி கரையில் அள்ளிப் போட்டிருந்த சேற்றைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேட்டில் ஏறி, குச்சியால் கிளறி, துருப்பிடித்த பீர் டின் ஒன்றை எடுத்தார்.

"எதுக்கு டீச்சர் இந்தக் குப்பை?"

"இரும்பு டின், வசந்தி. இப்ப வர்றதெல்லாம் அலுமினியம். இது யாரோ அந்தக் காலத்துல சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்திருக்கணும். நீங்களும் தேடுங்க, தண்ணி வந்துட்டா எல்லாம் போயிடும்."

நானும் இறங்கித் தேடினேன்.

அவர் வீட்டுக் கொல்லையில் ஆக்சாலிக் அமிலம் கரைத்த பிளாஸ்டிக் வாளி ஒன்று எப்போதும் இருக்கும். டின்னை அதில் ஊறப்போட்டுவிட்டு வாளியைச் சுற்றியே நடப்பார். துரு மெல்லக் கரைந்து முதலில் ஒரு சிவப்புக் கோடு தெரியும், பிறகு ஒரு பாய்மரக் கப்பல். "பாருங்க, பாருங்க!" என்று என் கையைப் பிடித்து இழுப்பார். கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவி அலமாரியில் வைத்ததும் அவருக்கு அது போதும். "அடுத்து அதிராம்பட்டினம் போவோமா? கடற்கரையில கப்பல் சாமான் ஒதுங்குமாம்."

அவருக்குத் தலைமையாசிரியர் பதவி வரவேண்டிய வருடம் அது. காரைக்கால் சாலையோரத்தில் அவர் பீர் டின்னைப் பையில் போடுவதை யாரோ படமெடுத்துப் பெற்றோர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். டீச்சர் குடிக்கிறார் என்று பேச்சு கிளம்பியது. பள்ளித் தாளாளரான ஃபாதர் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"இனிமே செய்யமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர். முடிச்சுக்கலாம்."

"குடிச்சுட்டு ரோட்டுல போட்டவங்களக் கூப்பிட்டுக் கேட்டீங்களா ஃபாதர்?"

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவேயில்லை. பதவி வேறொருவருக்குப் போனது. அன்று வெளியே வந்ததும் வண்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க" என்றார். பாதி தூரம் போனதும் தோளில் ஒரு தட்டு. "நிறுத்துங்க, நிறுத்துங்க. அந்த மதகுகிட்ட என்னமோ பளபளங்குது."

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மகன் அலமாரி முன் நின்றுகொண்டு, "பழைய இரும்புக்குப் போட்டுடவா ஆன்ட்டி?" என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லி, எல்லாவற்றையும் சாக்குகளில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்தேன். இறக்கும்போது உள்ளே கலகலவென்று சத்தம். எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"சாக்குல என்னங்க டீச்சர்?"

பழைய பாத்திரம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"பீர் டின்னுங்க" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் குரல்தான். டின்களை முன்னறையில் அடுக்கியிருக்கிறேன். வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.