மெத்தை விற்பவரின் இடுப்பு

என் வீட்டுக்காரருக்குக் கடையில் வைத்திருக்கும் பட்டப்பெயர் ஸ்பிரிங். மெத்தைக் கடையில் விற்பனையாளர். 'இடுப்பு வலிக்கு எது நல்லது?' என்று யாராவது கேட்டால் இவர் வாயால் பதில் சொல்ல மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் மல்லாந்து படுப்பார். இரண்டு கையையும் தலைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு, "வருஷக்கணக்கா இதுலதான் சார் படுக்கறேன். இடுப்புன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு மறந்துபோச்சு" என்பார். பிறகு ஒரே துள்ளலில் எழுந்து நிற்பார். அந்தத் துள்ளலைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குவார்கள்.

வீட்டில் நடக்கும் கூத்தைக் கேளுங்கள். இந்த மனுஷர் படுப்பது வெறுந்தரையில். முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு, இடுப்புக்கு அடியில் இன்னொரு துண்டு. கடையில் கொடுத்த அந்த உசத்தி மெத்தையில் நான் ஒருத்தி மகாராணி மாதிரிப் படுத்திருப்பேன். காலையில் அவரை எழுப்புவது தனி உத்தியோகம். முதலில் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். அப்புறம் நான் குனிந்து வலது தோளைக் கொடுக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, ஐயோ, இரு, இரு" என்று கொஞ்சம் கொஞ்சமாக எழுவார். எழுந்து நின்றதும் முதல் வேலையாக, "ஏன் இப்படிப் பிடிச்சு இழுக்கற?" என்று என்னையே கடிப்பார். என் தோளைப் பற்றி யார் கேட்டார்கள், விடுங்கள்.

எப்போதோ லாரியிலிருந்து இரட்டைக் கட்டில் மெத்தை ஒன்றை ஒண்டி ஆளாக இறக்கினார். அன்றைக்குப் பிடித்தது. எண்ணெய், பெல்ட், சுடுதண்ணீர்ப் பை, மாத்திரை, ஊசி, எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒரு டாக்டர், "இது முழுசா போற வலி இல்லைங்க. கூட வாழப் பழகிக்கணும்" என்றார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏற்கெனவே அந்தப் பழக்கம் உண்டு டாக்டர்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலியைவிடப் பெரிய தொல்லை, அதை வெளியே சொல்லக் கூடாது என்பது. "இடுப்பு வலிக்காரன் மெத்தை விக்கறான்னு தெரிஞ்சா முதலாளி அன்னிக்கே என் கணக்கை முடிச்சிடுவார். இந்த வயசுல எவன் எனக்கு வேலை தருவான்?" என்பார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. அதனால் கூடப் பிறந்த தம்பிக்குக்கூடத் தெரியாது. கட்டிக்கொடுத்த மகளுக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் சிரிப்பு, முனகல் முழுக்க எனக்கு. சில நாள் கதவைச் சாத்திக்கொண்டு நானே கத்திவிடலாமா என்றிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் போன் வந்தது. "சாப்பாட்டை மறந்துட்டேன். எடுத்துட்டு வா" என்றார். குரல் கிசுகிசு என்று இருந்தது. சாப்பாட்டு டப்பாவை அவர் பைக்குள் நானே வைத்தவள். விஷயம் வேறு என்று புரிந்துபோயிற்று. காலி டப்பா ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கடை நடுவில், பெரிய மெத்தையின் மேல் மல்லாந்து கிடக்கிறார். முகத்தில் அதே சிரிப்பு. சுற்றிலும் ஒரு குடும்பம். துள்ளி எழுகிற நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டது. எழ முடியாதவர் என்ன செய்வார்? பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். பஞ்சு பற்றிச் சொல்லி முடித்து, நுரை ரப்பர் பற்றிச் சொல்லி முடித்து, நான் போனபோது தூக்கத்தின் அருமையில் இருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பாருங்களேன், இவருக்கு எழுந்திருக்கவே மனசு வரலை!" என்றார் அந்தக் குடும்பத்து அம்மா. அந்த மெத்தையையே வாங்கிக்கொண்டு பணம் கட்டப் போனார்கள். நான் சடக்கென்று குனிந்து தோளைக் கொடுத்தேன். எழுந்தவர் கண்ணில் பொலபொலவென்று நீர். அதற்குள் முதலாளி வந்துவிட்டார்.

"பிரமாதம்யா ஸ்பிரிங்! இனிமே எல்லாருக்கும் இப்படியே ரொம்ப நேரம் படுத்துக் காட்டு!" என்று முதுகில் ஓங்கி ஒரு தட்டு வேறு. "பாராட்டினா எப்படிக் கலங்கறான் பாருங்கம்மா!" என்றார் என்னிடம்.

அன்று சாயங்காலம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண் முன்பே ஒரு கூட்டம் பற்றிச் சொல்லியிருந்தாள். தீராத வலி உள்ளவர்கள் வாராவாரம் கூடிப் பேசுவார்களாம். அன்றைக்கும் கூட்டம் இருந்தது.

"பேசினா வலி போயிடுமா?" என்றார் இவர்.

"போகாது. நான் கொஞ்சம் பிழைச்சுக்குவேன். உங்க முனகலைக் கேக்க இன்னும் நாலு காது வேணும். என்னால இதுக்கு மேல ஆகாதுங்க" என்றேன். மனுஷர் சட்டையை மாட்டினார். முகமூடி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டார். வங்கியில் திருடப் போகிறவர் மாதிரி இருந்தது.

கூட்டம் ஆஸ்பத்திரி மாடியில். லிப்ட் ரிப்பேர். இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும். நின்று நின்று மேலே போய்ச் சேர்ந்தோம். அங்கே வட்டமாக நாற்காலிகள் இருந்தன, உட்கார்ந்திருந்தவர்கள் பாதிப் பேர்தான். மற்றவர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் தரையில் நீட்டிப் படுத்தபடியே, "வாங்க, வாங்க, தாண்டிப் போங்க" என்றார். யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. இவர் அந்தப் படுத்திருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் துண்டை இவர் வைக்கிற அதே இடத்தில்தான் வைத்திருந்தார். என்ன நினைத்தாரோ, முகமூடியைக் கழற்றினார். தொப்பியையும் கண்ணாடியையும் கழற்றினார். "எனக்கு இடுப்புலதாங்க..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க மெத்தைக் கடை அண்ணன்தானே?" என்றது ஒரு குரல்.

பள்ளிக்கூட வேன் ஓட்டும் ஒரு பெண். கழுத்தில் பட்டை. கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு எழுந்தாள். இவர் முகம் வெளுத்துவிட்டது. தொப்பியை அள்ளிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். கைப்பிடியைப் பிடித்து ஒரு படி, நின்று ஒரு மூச்சு, அடுத்த படி. "நில்லுங்கண்ணே!" என்று அவள் துரத்தினாள். அவளும் அதே வேகம். அவள் பின்னால் முட்டி வலிக்காரர்கள் இரண்டு பேர், "விடாதம்மா, பிடி" என்று பக்கவாட்டில் இறங்கினார்கள். மேலேயிருந்து வழுக்கைத் தலைக்காரர், "என்ன ஆச்சு? யாராச்சும் சொல்லுங்களேன்!" என்று படுத்தபடியே கத்தினார். எதிரே வந்த நர்ஸ் ஒதுங்கி நின்று இந்த ஊர்வலத்துக்கு வழிவிட்டாள். படி திரும்புகிற இடத்தில் இவருக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டிப் பிடிக்க வந்த வேன்காரப் பெண்ணும் முடியாமல் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"காசைத் திருப்பித் தந்துடறேம்மா. கடையில மட்டும் சொல்லிடாதே" என்றார் இவர்.

"காசு கிடக்குது. நீங்க துள்ளினீங்களே அண்ணே, அதுதான் என்னைக் கொன்னுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "எங்க வீட்டுக்காரர் கூட நின்னு பார்த்தாரு. அதே மெத்தையைத்தான் வாங்கிப் போட்டாரு. இப்ப நான் வலிக்குதுன்னா, 'அந்தக் கடைக்காரர் எப்படித் துள்ளறார் பாரு, உனக்கு எல்லாம் மனசுலதான்'ங்கறாரு. கேட்டுக் கேட்டு, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நிஜமாவே நான் நடிக்கறேனோன்னு."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு துள்ளல் ஒரு வீட்டுக்குள் போய் இவ்வளவு வேலை செய்யும் என்று யார் கண்டார்கள்?

"நீங்க வந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். உங்களுக்கும் வலிக்குதுன்னு. அது போதும்."

"சொல்லிடலாம்மா" என்று நான் முந்திக்கொண்டேன்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் உங்க முதலாளியும் தினம் காலையில ஒண்ணா நடக்கப் போறவங்க. நல்ல சிநேகிதம்."

போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொன்னால் முதலாளியிடம் சொன்ன மாதிரிதான். வீட்டுக்கு வந்ததும் இவர் தரையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் வற்புறுத்தவில்லை. வேலை போனால் வாடகை யார் கொடுப்பது என்ற பயம் எனக்கும் இருந்தது. காலையில் என் தோளைப் பிடித்து எழுந்தவர், "வா, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போலாம்" என்றார்.

வேன்காரப் பெண்ணின் வீட்டுக்காரர் வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க சார், வாங்க! நீங்களே இவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்று உட்காரச் சொன்னார். சோபா. உட்கார்ந்தால் ஆளை விழுங்குகிற ஜாதி. இவர் அதில் புதைந்துபோய்விட்டார்.

"இவகிட்ட சொல்லுங்க சார், மெத்தை எப்படின்னு!"

வேன்காரப் பெண் கதவருகே நின்று இவரையே பார்த்தாள். இவருக்கு வழக்கமான சிரிப்பு வரப் பார்த்தது. அதை அப்படியே விழுங்கினார்.

"மெத்தை நல்லதுதான் சார். நான்தான் பொய். எனக்கு இடுப்பு வலி. வருஷக்கணக்கா இருக்கு. நான் படுக்கறது தரையில."

"அப்ப அன்னிக்கு எப்படித் துள்ளினீங்க?"

"துள்ளிட்டு, நீங்க பில் போடப் போனதும், குடோனுக்குள்ள போய்ச் சுவத்தைப் பிடிச்சிட்டு அழுதேன் சார். நல்லா இருக்கற மாதிரி நடிக்கறதுதான் எங்களுக்கு நடிப்பு. உங்க சம்சாரம் சொல்றது நிஜம்."

அந்த மனுஷர் மெல்லத் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தார். "நீயும் அப்படித்தானா? ஏன் சொல்லலை?"

"சொன்னேனே" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நல்லவேளை, கிளம்பலாம் என்று இவர் எழப் பார்த்தார், சோபா விடவில்லை. நானும் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்ததில் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கடைக்கு நானும் கூடப் போனேன். திட்டு வாங்கி விழுந்தால் தூக்க ஆள் வேண்டுமே! காலை நடையில் சேதி போய்விட்டிருந்தது.

"யோவ், என்கிட்டயே மறைச்சிட்டியா?" என்று முதலாளி குதித்தார்.

"சொன்னா வேலை போயிடும்னு பயந்தேன் முதலாளி. இனிமே என்னால துள்ள முடியாது. வலிக்குது." இதைச் சொல்லிவிட்டு இவர் நேராக நின்றார். முடிந்த அளவுக்கு நேராக.

"நீ போனா எனக்கு ஆளே இல்லையா? படுக்கறதுக்கு என்னய்யா படிப்பு வேணும்? பாரு, நானே படுத்துக் காட்டறேன்!" முதலாளி சட்டென்று மெத்தையில் சாய்ந்தார். "இப்படிப் படுக்கணும். இப்படிச் சிரிக்கணும். இப்படி..." என்றவர் அப்படியே தூங்கிப்போனார். குறட்டை வாசல் வரை கேட்டது. உள்ளே வந்த ஒரு ஜோடி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இவர் படுத்திருக்கறதே கொடுங்க" என்றார்கள்.

"வலியைப் போக்குமா?" என்று அந்த ஜோடியில் இருந்த பெண் கேட்டாள்.

"போக்காதும்மா. வலிக்காரனாச் சொல்றேன். பக்கத்துல இருக்கறது கொஞ்சம் கெட்டியா இருக்கும், அதுல புரளறது சுலபம்" என்றார் இவர். அதையே வாங்கிப் போனார்கள். விழித்துக்கொண்ட முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, நீ உக்காந்து பேசு. படுக்கற வேலையை நான் பார்த்துக்கறேன்" என்றார். இப்போது இவருக்கு நிமிர்ந்த முதுகுள்ள ஒரு நாற்காலி இருக்கிறது. பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு முகமூடி இல்லாமல் வந்தார். வேன்காரப் பெண்ணும் வந்திருந்தாள், பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஒவ்வொருவராக அன்றைய வலியைச் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "நான் துணைக்கு வந்தவதாங்க. எனக்கு ஒண்ணுமில்லை" என்றேன்.

"அவளுக்கு வலது தோள்" என்றார் என் வீட்டுக்காரர். "என்னைத் தூக்கித் தூக்கி வந்தது. நான் தூங்கிட்டேன்னு நினைச்சுத் தனியா உக்காந்து தேய்ச்சுக்குவா. தானா வாய் திறந்து சொல்ல மாட்டா."

தெரிந்துதான் இருந்திருக்கிறது இந்த மனுஷருக்கு! கோபம் வந்தது, அழுகை வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"கேக்கவே இல்லையேங்க நீங்க!" என்றேன்.

"கேட்டா, பிடிக்க வேற தோள் இல்லையேன்னு பயந்துட்டேன்" என்றார்.

வழுக்கைத் தலைக்காரர் தரையில் கொஞ்சம் நகர்ந்து வழிவிட, வேன்காரப் பெண் ஒரு நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தேன். "எப்பலேர்ந்தும்மா வலிக்குது?" என்று கூட்டத்தை நடத்தும் அந்த உடற்பயிற்சிப் பெண் கேட்டாள். முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அன்று கூட்டம் முடிய ரொம்ப நேரம் ஆயிற்று, யாரும் எழுந்து போகவில்லை.