கப்பல் மேல்தளத்தில் நான் தூக்காத கை

ஜெட் விமானம் இறங்கி நின்றதும் அந்தக் கம்பிவடம் இளஞ்சூடாக இருக்கும். கிரீஸும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்த வாசம்... எத்தனை சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு விமானந்தாங்கிக் கப்பலில் வேலை. சீ ஹாக் என்று ஒற்றை ஆள் ஓட்டும் போர் விமானம். கப்பலில் அது ஓடி நிற்க இடம் போதாது. அதனால் தளத்தின் குறுக்கே வடங்கள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் உள்ள கொக்கி அதில் மாட்டி, இழுபட்டு நிற்கும்.

ஒவ்வொரு முறையும் வடத்தைத் தடவிப் பார்ப்பது என் பொறுப்பு. முறுக்கிய கம்பிகளில் மூன்று பிரி அறுந்திருந்தால் கையைத் தூக்க வேண்டும். வருகிற விமானத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு வடத்தை மாற்றுவார்கள்.

மற்றவர்கள் கையுறையோடு தடவுவார்கள். நான் கழற்றிவிட்டுத் தடவுவேன். இரண்டு முறை எண்ணுவேன். என் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது.

கொக்கியிலிருந்து வடத்தைக் கழற்றிவிடுகிறவன் சவரிமுத்து. அவன் வடக்குப்பட்டு, நான் மணிமங்கலம். ஊர்ப்பக்கத்து ஆள் என்று என்னோடு ஒட்டிக்கொண்டான்.

"இன்னா வாத்தியாரே, கம்பிக்கு நாடி புடிச்சிகினு கீறியா?" என்று தினமும் கிண்டல் செய்வான்.

அன்று காலை எண்ணினேன். மூன்று.

மறுபடி எண்ணினேன்... இரண்டுதானோ? மூன்றாவது வெறும் கீறலோ?

அடுத்த விமானம் தளத்தை நோக்கித் திரும்பிவிட்டது. அதில் எரிபொருள் குறைவு என்று பேசிக்கொண்டார்கள். மேலதிகாரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வீணாகத் திருப்பி அனுப்பினேன் என்று ஆகிவிட்டால்... அந்தப் பயம்தான். கையைத் தூக்காமல் விலகிப் போனேன்.

வடம் அறுந்தது. விமானி எப்படியோ மறுபடி மேலே ஏறிவிட்டார். அறுந்த முனை தளத்தைத் துடைத்துக்கொண்டு போனதில், சவரிமுத்துவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

விசாரணையில் என்னையும் கேட்டார்கள். "பார்த்தேன் சார், சரியாத்தான் இருந்தது" என்றேன். தளத்தில் ஆட்கள் தாண்டக் கூடாது என்று போட்டிருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி, சவரிமுத்து இரண்டடி முன்னால் நின்றதாக யாரோ சொன்னார்கள். அப்படியே எழுதி முடித்தார்கள். அவனும் அதையே நம்பினான்.

இப்போது அவன் வல்லக்கோட்டைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை, இந்த முறை சொல்லியே ஆக வேண்டும் என்று கிளம்பினேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

பேத்தி ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு செகண்ட் ஷிப்ட் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஷூ மாட்டுகிறவளிடம் அவன் சொன்னான்:

"மெஷினாண்ட மஞ்சக் கோட்டுக்கு உள்ளாறவே நில்லும்மா. நான் அவசரப்பட்டுத் தாண்டிதான் காலு போச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

பக்கத்தில் குனிந்து, "சவரி, அது உன் தப்பு இல்ல" என்றேன்.

"இன்னா?"

அந்த இன்ஜின் இரைச்சல் எங்கள் இருவர் காதையும் தின்றுவிட்டது. அவனுக்கு ஏறக்குறைய முழுதாகவே போய்விட்டது.

"சத்தமா சொல்லுங்க தாத்தா, அவருக்குக் கேக்காது" என்றாள் பேத்தி. சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். மகன் டிவி சத்தத்தைக் குறைத்தான். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"சாப்டியான்னு கேட்டேன்" என்று கத்தினேன்.

"சாப்ட்டேன் வாத்தியாரே... நீ?" என்று சிரித்தான்.

அன்று கப்பலில் யோசிக்க அரை நிமிடம்தான் கிடைத்தது, அதனால்தான் தவறிவிட்டேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு மதியம் முழுவதும் இருந்தது.