என் மீசையை வேவு பார்த்தவன்

மீமிசலில் எங்கள் ஸ்டூடியோக் கண்ணாடி உடைந்ததிலிருந்து, விண்டோஸ் ஏழு ஓடும் பழைய கம்ப்யூட்டரின் வெப்கேமராவில் முகம் பார்த்துத்தான் மீசைக்கு டை அடிக்கிறேன். அன்று மதியம் ஒரு பக்கம் முடித்தபோது மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். கேமராவை மூடினேன். பச்சை விளக்கு அணையவில்லை. மௌஸை யாரும் தொடாமலே அம்பு ஊர்ந்துபோய் ஒரு ஃபோல்டரின் மேல் நின்றது.

அதில் இருந்தவை, ஒரு கல்யாணத்தில் பெண்கள் பக்கம் என் மனைவி எடுத்த படங்கள். எனக்கு அங்கே வாசலோடு சரி. வீட்டு ஆட்களைத் தவிர வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்று கல்யாணப் பெண்ணைப் பெற்றவர், அவள் அத்தா, சொல்லியிருந்தார். நாங்களும் வாக்குக் கொடுத்திருந்தோம். மாலை அவர் ஆல்பம் வாங்க வருகிறார்.

"நெட் ஒயரப் புடுங்குங்க மொதல்ல" என்றாள், கூப்பிட வந்து பின்னால் நின்ற மனைவி.

"இரு, புடுங்குனா ஆளு தப்பிச்சிருவான்."

"பாதி மீசைய வச்சுக்கிட்டு துப்பறியப் போறாராம்."

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, கம்ப்யூட்டர் யார் யாரோடு பேசுகிறது என்று காட்டும் நெட்ஸ்டாட்டை அடித்தேன். முன்பின் தெரியாத ஒரு முகவரியோடு இணைப்பு. அந்த இணைப்பைப் பிடித்திருந்த புரோகிராமின் எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால், விண்டோஸின் சொந்தப் பிள்ளைபோல எஸ்விசிஹோஸ்ட் என்று பெயர். ஆனால் அசல் பிள்ளை இருப்பது சிஸ்டம் 32 ஃபோல்டரில். இது டெம்ப் ஃபோல்டரில் ஒண்டிக்கொண்டிருந்தது. வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தேன். புதுக்கோட்டையிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்த ஆல்பம் சாஃப்ட்வேரை நான் காலையில் ஏற்றிய அதே நேரம்.

"ஓசின்னா ஒடனே கைய நீட்டிருவீங்களே."

நெட்வொர்க் ஸ்டேட்டஸைத் திறந்தேன். கம்ப்யூட்டர் எவ்வளவு வெளியே அனுப்பியது என்று அதில் தெரியும். சாஃப்ட்வேர் ஏற்றி ரீஸ்டார்ட் செய்த பிறகு நான் அதை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி எழுந்திருக்குமோ என்று எனக்கு எப்போதும் பயம். ஆக, காலையிலிருந்து போனது எல்லாம் அந்தக் கணக்கில் இருந்தது. அனுப்பியது மொத்தமும் சேர்ந்து ஒரு கல்யாணப் படத்தின் அளவுக்குக்கூட வரவில்லை.

"படம் ஒண்ணுகூட வெளிய போகல" என்றேன். அவள் நெட் ஒயரைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. சந்தோஷத்தில் நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி மேசைக்காலில் இடித்துக்கொண்டேன்.

மாலையில் பெண்ணின் அத்தா வந்தார். "படமெல்லாம் பத்திரந்தானே தம்பி?"

"பத்திரம் பாய். ஒரு திருட்டு புரோகிராம் உள்ள வந்துச்சு. படத்தத் தொடுறதுக்குள்ள புடிச்சிட்டோம். இனிமே இதுல நெட்டே கெடையாது."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "மீசை ஏன் தம்பி ஒரு பக்கம் வெள்ளையா இருக்கு?"

மனைவி ஆல்பத்தைக் கவரில் போட்டு நீட்டினாள். "அவன் பாத்துட்டுப் போனது அத மட்டுந்தான் பாய்."