வயிற்றுக்குள் காவல் இருப்பவர்கள்

பொழுது சாய்ந்ததும் ஐயாவு தொலைக்காட்சியை அணைத்துவிடுவார். குளிர்பெட்டியில் தனித்தட்டில் இருக்கும் வெள்ளைப் புட்டியை எடுத்து, ஒரு மாத்திரையை விழுங்கி, சட்டையைத் தூக்கித் தன் வயிற்றைக் குனிந்து பார்ப்பார். "எல்லாரும் சாப்டீங்களா? பத்துமா?" பதில் வரும்வரை வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது. வரும். நீளமாக, அடங்கிய குரலில், சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ பேசுவதுபோல வரும். வயிறு என்றால் சத்தம் போடாதா என்று நீங்கள் சிரிக்கலாம். அவர் மனைவி கலாதேவியும் முதல் மாதம் சிரித்தவள்தான்.

ஐயாவுக்கு அறுபத்திரண்டு வயது. மலேசியாவின் ஈப்போவில் ஓர் அடுக்குமாடியில் ஜாகா வேலை, அதாவது வாசல் காவல். சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தபடிதான் நடப்பார். சத்தம் கேட்டால் திருடன் உஷாராகிவிடுவானாம். கார் வந்து நிற்கிற விதத்தைப் பார்த்தே எந்த வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவார். கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். அதையும் இப்போது விட்டாயிற்று. குளிர்பெட்டிக்குள் கவிச்சி வரக்கூடாது, உள்ளே ஆள் இருக்கிறதே.

போன வருடம் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். ஈரலுக்கும் தாவியிருந்தது. ஓர் ஆராய்ச்சியில் அவரைச் சேர்த்துக்கொண்ட டாக்டர் தனேஸ்வரன், அவருக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார்: "ஊசில ஏத்துற மருந்து உங்க ஒடம்புல இருக்கிற ஜாகாவ எழுப்பி விடும், அண்ணே. அவன்தான் கட்டிய அடிக்கணும். இந்த மாத்திரைல உயிரோட இருக்கிற நல்ல கிருமிங்க இருக்கு. அதுங்க கூட இருந்தா ஜாகா இன்னும் நல்லா வேல செய்வானான்னு பாக்குறோம். உறுதியா சொல்ல முடியாது."

கடைசி வாக்கியம் ஐயாவு காதில் ஏறவில்லை. 'உயிரோட' என்பதிலேயே நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்து கலாதேவியிடம் சொன்னார்: "காவலுக்கு ஆள் வந்திருக்கு. பட்டினி போட்டா நிக்குமா?"

அவர் பிறந்த ரப்பர் தோட்டத்தை அழித்துத்தான் இப்போது அவர்கள் குடியிருக்கும் தாமானை, அதாவது வீட்டுக் குடியிருப்பைக் கட்டியிருக்கிறார்கள். லயத்து வீடுகள் போயின, பால்மரங்கள் போயின. தோட்டத்துக் காவல் தெய்வம் முனியாண்டி மட்டும் பின்சந்துக் கால்வாய் ஓரம் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். வெள்ளிதோறும் அவருக்குச் சுருட்டும் சம்சுச் சாராயமும் படைக்கிற குடும்பம் ஐயாவுடையது. படைக்கத் தொடங்கினால் நிறுத்தக்கூடாது என்பது அங்கே சட்டம். "நடுவுல நிறுத்துனா, காவ காத்தது நம்ம பக்கமே திரும்பும்," என்பார்.

வயிற்றுக்குள் வந்தவர்களுக்கும் அதே முறைதான் என்று அவர் முடிவு கட்டியது யாருக்கும் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை, காதும் காதும் வைத்தாற்போல், மாத்திரையை அரைக் குவளைச் சம்சுவோடு விழுங்கியிருக்கிறார். போதாக்குறைக்கு ஒரு சுருட்டு வேறு. "பாவம், ஓயாம வேல செய்யுதுங்க," என்று பின்னால் அதற்குக் காரணமும் சொன்னார்.

மறுநாள் பேதியும் இரத்தமுமாக ஆள் சுருண்டுவிட்டார். குடல் புண்ணாகிக் கிடக்கிறது என்று ஊசி மருந்தை நிறுத்தி வைத்தார்கள். அந்த மருந்தே குடலைத் தாக்கியிருக்கலாம், சம்சு அதைக் கிளறி விட்டிருக்கலாம் என்றார் டாக்டர். திரும்ப ஏற்ற முடியாமல் போனால் கட்டி வளரும். வேறு வழி அதிகம் இல்லை. "சாமிக்கு வைக்கிறத நீங்க எதுக்குக் குடிச்சீங்க? என்னத் தனியா விட்டுட்டுப் போவவா?" என்று வார்டு என்றும் பாராமல் கலாதேவி அழுதாள். ஐயாவு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவியபடி, "தெரியாம செஞ்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க," என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

குடல் ஆறியது. ஊசியும் மாத்திரையும் மறுபடி தொடங்கின. அதற்குப் பிறகு ஒரு மதியம், ஐயாவு நாற்காலியில் சாய்ந்து நல்ல குறட்டையில் இருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த கலாதேவிக்கு என்ன தோன்றியதோ, அவர் வயிற்றருகே குனிந்து, "இவர விட்டுட மாட்டீங்கல்ல?" என்று மெல்லக் கேட்டாள். மின்விசிறி மட்டும் சுற்றியது. தன்னையே திட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது, வந்தது. அதே அடங்கிய நீளக் குரல். ஐயாவின் குறட்டை நிற்கவே இல்லை. அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் வந்தது. இன்னொரு தடவை கேட்க அவளுக்குத் துணிவில்லை. மடித்த துணிகளை அப்படியே போட்டுவிட்டு வெளியே போய் வெயிலில் நின்றாள். அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் தொலைக்காட்சியை அணைப்பது அவள்தான்.

போன வாரம் ஸ்கேன் முடிவு வந்தது. ஈரலில் இருந்தவை சுருங்கிவிட்டன. குடலில் இருந்தது பாதிகூட இல்லை. கலாதேவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எது வேலை செய்தது என்று இப்போதே சொல்ல முடியாது என்றாலும், டாக்டருக்கும் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்ல சேதிதான் அண்ணே. ஊசி தொடரும். மாத்திரைக்கு மட்டும் ஆராய்ச்சில குடுத்த காலம் முடிஞ்சிருச்சு. இந்த வாரத்தோட அத நிறுத்திடலாம்."

ஐயாவு இரண்டு உள்ளங்கைகளையும் சட்டைமேல் வைத்து, பிள்ளையின் காதைப் பொத்துவதுபோல, வயிற்றை இறுகப் பொத்திக்கொண்டார்.